முதற் பிழையும் முடிவிலாத் தண்டனையும்

மாங்கனி மழையெனப் பொழியும் ஊர் காரைக்கால்! ஆனித் திங்கள் முழுநிலாவை ஒட்டிய விழாவிலே, மாடியிலிருந்து கனிகளை வீசுவர். கீழே நிற்கும் கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். பிடித்தவன் முகத்திலே பூரிப்பு! விழாவுக்குக் காரணமாகப் புராணிகர் கூறும் கதை நாடறிந்தது. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய கனிகள் இரண்டு. பசியோடு வந்த அடியார் ஒருவருக்கு அவற்றில் ஒன்றை இட்டுவிட்டாள் அவன் மனைவி. உணவருந்த வந்த கணவனோ, ஒன்றைத் தின்று சுவைத்தபின் மற்றொன்றையும் கேட்டான். கைபிசைந்து நின்றாள் அம்மை; கைக்குள்ளே வந்து விழுந்தது வேறொரு கனி!

நம்புவோர் நம்பட்டும். நாம் கேட்பது வேறு. வணிகன் வீட்டுக் கணக்கிலே ஒரு கனி குறைந்தது. பசித்தவனுக்குப் போயிற்று என்று அறிந்ததும், குறையை நிறைவாக்க வானுலகே இறங்கி வந்தது என்று ஆண்டுதோறும் கொண்டாடும் ஊர், தன் கடைத்தெருவிலே ஒரு பொருள் குறைந்தால் என்ன செய்கிறது?

பதினெட்டோ இருபதோ வயதுள்ள இளைஞன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்தின் படியும் ஏறாதவன். பாரதியார் சாலைக் கடையொன்றில், பளபளக்கும் பண்டமொன்றை எடுத்துச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு வெளியேற முயல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வானுலகிலிருந்து எவரும் வரமாட்டார். வருவது சிப்பந்தியின் கை. அடுத்து வருவது கடையின் பின்னறை. அதற்கும் அடுத்து கைப்பேசியிலே காணொளி, காவல் நிலையம், வழக்கு, வாய்தா! எடுத்த பொருளின் விலை சில நூறு ரூபாய். கொடுக்கும் விலையோ அவன் வாழ்வு!

"திருட்டுக்கு வக்காலத்தா?" என்று சீறுவர் சிலர். இல்லை, ஐயா, இல்லை! பிறர் பொருளை எடுப்பது குற்றம். பெருவணிகனைக் காட்டிலும், கடன் வாங்கிக் கடை வைத்து, நாள் முழுதும் நின்று, பத்துக்கு ஒன்று கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கும் சிறு வணிகனுக்கு அது நெஞ்சிலே குத்தும் முள். அவன் பொருள் அவனுக்குத் திரும்ப வேண்டும். எடுத்தவன் தன் செயலுக்கு விடை சொல்ல வேண்டும். இதிலே நமக்கு ஐயமில்லை. நம் கேள்வி ஒன்றே ஒன்று: தண்டனைக்கு ஓர் எல்லை உண்டா, இல்லையா?

*

காரைக்காலுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. தஞ்சை மன்னரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் முதல் நாளில்தான் ஆட்சி கைமாறிற்று. மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்திருக்க, நாகையிலும் மாயூரத்திலும் ஆங்கிலேயன் எழுதிய சட்டம். இங்கே மட்டும் பாரிசில் எழுதிய சட்டம்! நெப்போலியன் காலத்து 1810-ஆம் ஆண்டுத் தண்டனை நூலின் 401-ஆம் விதி, சாதாரணத் திருட்டுக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை என்றது.

அதே நூல் ஆண்ட பிரான்சிலே, ஷாத்தோ தியேரி என்னும் சிற்றூர் நீதிமன்றத்தில், 1898 மார்ச் 4 அன்று ஓர் இளந்தாய் கூண்டிலே நின்றாள். ரொட்டிக் கடையிலிருந்து ரொட்டி எடுத்துவிட்டாள். இரண்டு வயதுக் குழந்தை. வீட்டிலே உணவு இல்லை. 36 மணி நேரப் பட்டினி. நீதிபதி பால் மாஞோ என்ன செய்தார்? சட்டப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாரா? இல்லை! அதே புத்தகத்தைப் புரட்டினார். எதிர்க்க முடியாத ஆற்றலால் உந்தப்பட்டவன் செய்தது குற்றமாகாது என்னும் 64-ஆம் விதியைக் கண்டார், விடுதலை என்றார். நன்கு அமைந்த சமுதாயத்திலே, தன் குற்றம் ஏதுமின்றி ஒரு தாய்க்கு ரொட்டி கிட்டாமற் போவது வருந்தத்தக்கது என்று தீர்ப்பிலேயே எழுதினார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அமியேன் நகர மேல் மன்றமும் விடுதலையை உறுதி செய்தது. 'நல்ல நீதிபதி' என்று கிளெமான்சோ போற்றினார். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது.

அதற்கும் முன்பே, 1891-இல், செனட்டர் பெராஞ்செ முயற்சியால் பிரான்சிலே ஒரு சட்டம் பிறந்தது. முதல் முறை குற்றம் செய்தவனுக்குத் தண்டனையை அறிவித்து, நிறைவேற்றாமல் நிறுத்தி வைக்கலாம். குறித்த காலம் ஒழுங்காக நடந்தால் அந்தத் தண்டனை இல்லாமலே போய்விடும். பசியால் எடுத்தவனுக்கு ஒரு வழி. சபலத்தால் எடுத்தவனுக்கு மற்றொரு வழி. முதற் பிழையையும் தொழிலாகிப்போன குற்றத்தையும் ஒரே தராசிலே நிறுக்கக்கூடாது என்னும் அறிவு, நூற்றாண்டுக்கு முன்பே முளைத்துவிட்டது.

1963 அக்டோபர் முதல் நாளன்று காரைக்காலிலும் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவலர் தலையிலே சிவப்புத் தொப்பி மட்டும் தங்கிற்று. சட்டப் புத்தகம் மாறிற்று. இப்போது, 2024 சூலை முதல் நாளிலிருந்து, மறுபடியும் வேறொரு புத்தகம். பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர். உச்சரிக்கவே தமிழன் நாக்கு தடுக்கி விழும். பெயர் கிடக்கட்டும், உள்ளே இருப்பதைப் பார்ப்போம்.

*

303-ஆம் பிரிவு: திருட்டு. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு ஒரு விலக்கும் உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு. குற்றத் தீர்ப்புப் பெறுவது முதல் முறை. பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டான். இம்மூன்றும் பொருந்தினால் சிறை இல்லை. சமூக சேவையே தண்டனை. ஊருக்குப் பயன்படும் வேலையைக் கூலியின்றிச் செய்ய வேண்டும். இவ்வகைச் சிறு திருட்டைப் பிணையில் விடத்தக்கதாகவும், நடுவர் ஆணையின்றிக் காவலர் கைது செய்ய இயலாததாகவும் புதிய நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வகைப்படுத்துகிறது. நல்லதை நல்லதென்றே சொல்வோம். 1860-இல் எழுதிய பழைய சட்டத்திலே இந்தச் சன்னல் இல்லை.

ஆனால், தோழர்களே, பக்கத்தைப் புரட்டுங்கள்! இரண்டே பிரிவு தள்ளி, 305. குடியிருக்கும் கட்டடத்திலோ, பொருளைக் காத்து வைக்கும் கட்டடத்திலோ செய்யும் திருட்டு. ஏழாண்டு வரை சிறை! கடை என்பது என்ன? பொருளைக் காத்து வைக்கும் கட்டடம்தானே என்று ஒருவர் வாதிட்டால்? கடைத் திண்ணையிலே எடுத்தால் தெருப் பெருக்கும் வேலை. கடைக்குள்ளே எடுத்தால் ஏழாண்டுச் சிறை என்று ஆகுமா, இல்லையா? 303-இலே திறந்த சன்னல் 305-இலே இல்லை. கடைச் சிப்பந்தியாக வேலை பார்க்கும் பெண், முதலாளியின் பொருளை எடுத்தாலோ 306, அதற்கும் ஏழாண்டு. எந்த எண்ணை எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்வது யார்? காவல் நிலைய மேசையிலே பேனா பிடித்திருப்பவர்! ஒரு பேனா முனை இப்பக்கம் சாய்ந்தால் திருத்தம். அப்பக்கம் சாய்ந்தால் ஏழாண்டு அச்சம்.

இதற்கும் மாற்று மருந்து உண்டு. அதுவும் புதிதன்று. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைக் காவல் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, முன் குற்றத் தீர்ப்பு இல்லாதவனை எச்சரித்து விடுவிக்கலாம் என்கிறது. எந்தக் குற்றங்களுக்கு? சாதாரணத் திருட்டு, கட்டடத்துக்குள் திருட்டு, வேலையாள் செய்த திருட்டு ஆகிய மூன்றையும் பழைய எண்களால் குறித்தே சொல்கிறது! 4-ஆம் பிரிவு, நன்னடத்தைப் பிணையிலே விடலாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்பத் தயங்கு என்கிறது. 12-ஆம் பிரிவு பொன்போன்றது: இச்சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டவனுக்கு, அந்தக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஏதும் இல்லை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 402-ஆம் பிரிவோ, இத்தகைய வாய்ப்பைத் தரக்கூடிய இடத்திலே தராமற் போனால், ஏன் தரவில்லை என்பதற்குத் தனிக் காரணத்தைத் தீர்ப்பிலே எழுது என்று நீதிபதியையே கேட்கிறது.

ஆக, சட்டம் என்ன சொல்கிறது? முதற் பிழை செய்தவனைத் திருத்து, பொருளைத் திருப்பு, பிறகு அவனை வாழவிடு! இதைச் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சமுதாயத்தின் காதிலேதான் விழவில்லை.

*

விழாததற்குச் சான்று வேண்டுமா? கடையின் பின்னறைக்கு வாருங்கள். அங்கே நீதிபதி முதலாளி, வழக்கறிஞர் மேலாளர், தண்டனை நிறைவேற்றுபவர் சிப்பந்தி. "நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஆயிரம் வை, இல்லையேல் போலீஸ்!" இதற்குச் சட்டத்திலே என்ன பெயர்? அச்சுறுத்திப் பணம் பறித்தல். கதவைப் பூட்டி வைத்தால்? முறையற்ற அடைப்பு. கன்னத்திலே அறைந்தால்? காயம் விளைவித்தல். தன் கண்முன் நடந்த, பிணையில் விடத்தகாத, காவலர் நேரே கைது செய்யத்தக்க குற்றத்துக்கே தனி மனிதன் ஒருவனைப் பிடிக்கலாம். பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கும் உரிமையை எந்த வரியிலும் எவருக்கும் சட்டம் எழுதித் தரவில்லை. திருட்டைத் தடுக்கக் கிளம்பிய கை, மூன்று குற்றங்களைச் செய்துவிட்டு மீசை முறுக்குகிறது!

பின்னறையோடு முடிந்தால் போகட்டும். கண்காணிப்புக் கேமராவிலே பதிந்த காட்சி வாட்ஸ்அப்பிலே புறப்படுகிறது. முகம், பெயர், தெரு, சில நேரம் தந்தை பெயர்! குற்றவாளியைச் சந்தையிலே நிறுத்தி ஊரார் பார்க்க இழிவுபடுத்தும் தண்டனையைப் பிரான்ஸ் 1848-இல் ஒழித்தது. நாம் அதைக் கைப்பேசியிலே மீட்டெடுத்தோம். அன்றைய மேடையிலிருந்து சில மணி நேரத்தில் அவிழ்த்து விட்டனர். இன்றைய மேடையிலிருந்து இறங்கவே வழியில்லை. சிக்கியது பதினெட்டு நிரம்பாத பிள்ளையானாலோ, அவன் அடையாளத்தை வெளியிடுவதே 2015-ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். பகிர்ந்து மகிழும் பெரியோர்களுக்கு இது தெரியுமோ?

பிறகு வருவது வயிற்றிலே அடிக்கும் தண்டனை. காரைக்கால் இளைஞனின் கனவு எது? கடல் கடந்த வேலை. வளைகுடா, சிங்கப்பூர், பிரான்ஸ். அதற்கு வேண்டும் கடவுச்சீட்டு. 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம், குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே மறுக்கலாம் என்கிறது; நீதிமன்றத்தின் இசைவு பெற்று வந்தால்தான் வழி. தீர்ப்புக்கூட வேண்டாம், தோழர்களே, வழக்கு ஒன்று நிலுவையிலே கிடந்தால் போதும்! அரசு வேலைக்குப் போனாலோ, உறுதிமொழிப் படிவம் பல்லிளிக்கிறது: "உம்மீது வழக்கு உண்டா?" உண்டு என்றால் ஐயம், இல்லை என்றால் பொய். இளம் வயதுச் சிறு குற்றத்தை மறைத்ததைக்கூட வேலை தருவோர் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கிலே உச்ச நீதிமன்றம் கூறிற்று. 'பொறுத்துக்கொள்ளலாம்' என்றால், பொறுக்காமலும் இருக்கலாம்!

விக்டர் யூகோவின் கதை நினைவிருக்கிறதா? 1950-இல் 'ஏழை படும் பாடு' என்று தமிழ்த் திரையிலும் வந்ததே! ரொட்டி திருடியவனுக்கு ஐந்தாண்டு. தப்பியோட முயன்றதால் அது பத்தொன்பது ஆண்டு. வெளியே வந்தபின் கையிலே மஞ்சள் கடவுச்சீட்டு. அதைக் கண்டதும் ஒவ்வொரு விடுதியின் கதவும் மூடிக்கொண்டது. அதைப் படித்துக் கண்ணீர் விட்டோம். படத்தைப் பார்த்து விம்மினோம். வெளியே வந்து, நம் தெருப் பையன் கையிலே மஞ்சள் சீட்டைத் திணிக்கிறோம்!

*

பின்னறையும் லத்தியும் சில வேளை உயிரையே குடிக்கின்றன. 2018 பிப்ரவரி 22. கேரளத்து அட்டப்பாடி. கடையிலே உணவுப் பொருள் திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞனைப் பிடித்துக் கட்டினர், அடித்தனர், அவனருகே நின்று படமும் எடுத்துக்கொண்டனர். அன்றே அவன் மாண்டான். 2023 ஏப்ரலிலே மண்ணார்க்காட்டுத் தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழாண்டுச் சிறை. நம் நாட்டிலேயே, 2025 சூன் திங்களில், சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் கோயில் காவலாளி ஒருவரை, பக்தரின் காரிலிருந்த நகை காணாமற் போனது என்று காவலர் விசாரிக்கக் கொண்டு சென்றனர், உயிரோடு திரும்பவில்லை. காவலர்கள் கைதாயினர்; வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. நகை போனதா, எடுத்தவர் யார் என்பதெல்லாம் விசாரணைக்குப்பின் தெரியவேண்டியவை. விசாரணைக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது!

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில், பூம்புகார். அவ்வூர் வணிகன் மகன் கோவலன், மதுரையிலே திருடன் என்று பெயர் சூட்டப்பட்டான். திருடிய பொற்கொல்லனே சாட்சி, மன்னன் வாய்ச்சொல்லே தீர்ப்பு, ஆராய்ச்சி இல்லை. தமிழன் தலைசிறந்த காப்பியமே, ஆராயாமல் கள்வன் என்றதனால் எழுந்தது! உண்மை தெரிந்ததும் அந்த மன்னன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். இங்கே உண்மை தெரிந்த பின்னும் காணொளியைப் பகிர்ந்தவன் விரல்கூட நடுங்குவதில்லை.

ஏன் இந்தக் கல்நெஞ்சம்? ஆழத்திலே ஒரு நச்சு வேர் இருக்கிறது. "திருட்டுப் புத்தி பிறவியிலேயே வருவது" என்னும் நம்பிக்கைதான் அது! பூர்வ ஜென்ம வினை, தலையெழுத்து, ரத்தத்திலே ஊறியது என்று பெயர்கள் பல, பொருள் ஒன்று. இந்த மூட எண்ணத்தையே வெள்ளையன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக்கினான். 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். குற்றம் செய்யாதவனும் பிறந்த குலத்துக்காகக் கைரேகை வைத்தான். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1947-இலே மாகாணத்திலும், 1952-இலே நாடு முழுதும் அச்சட்டம் ஒழிந்தது. ஏட்டிலே ஒழிந்தது, எண்ணத்திலே ஒழிந்ததா? ஒருமுறை கை நீட்டியவனை உயிருள்ள மட்டும் கள்வன் என்போர், குலத்தின்மீது குத்திய முத்திரையைத் தனி மனிதன்மீது குத்துகின்றனர். முத்திரை அதேதான்!

காரைக்காலுக்குப் பக்கத்திலேயே திருநள்ளாறு. சனி பிடித்தது விலக, நளன் குளத்திலே மூழ்கி, உடுத்திய துணியையும் விட்டுவிட்டு, புது மனிதனாக எழுவதாய் எண்ணி ஆயிரமாயிரம் பேர் திரும்புகின்றனர். ஏழரை ஆண்டுக் கெட்ட காலமும் ஒரு முழுக்கிலே போய்விடும் என்று நம்புகிறவர்கள், ஓர் இளைஞனின் ஒரு நாள் கெட்ட புத்தி, ஓராண்டு நன்னடத்தையாலும் போகாது என்கிறார்கள்! குளத்து நீருக்கு உண்டென்று நம்பும் ஆற்றல், மனிதன் மனத்துக்கு இல்லையாம்!

பகுத்தறிவு வேறு சொல்கிறது. செயலுக்குக் காரணம் உண்டு. பசி ஒரு காரணம். வேலையின்மை ஒரு காரணம். கண்ணாடிப் பேழைக்குள் கண்சிமிட்டும் பண்டமும் காலியான பையும் ஒரு காரணம். தோழர் தூண்டுதல், வயதின் துடுக்கு, மனநோய் என்று இன்னும் பல. காரணத்தைக் கண்டால் மாற்றலாம். பிறவியென்று சொல்லிவிட்டால் மாற்றவேண்டிய பொறுப்பு நமக்கு இல்லை. அதனால்தான் அந்தச் சொல் பலருக்கு இனிக்கிறது! ஓங்கும்போது கடுமையும், விழும்போது அளவும் கொண்டதே நல்ல செங்கோல் என்று வள்ளுவர், 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்திலே அரசனுக்கே பாடம் புகட்டினார். ஓங்கிய கோல் கீழே விழுந்தபின் மறுபடி மறுபடி எழும்புவது நீதியாகாது, அது வன்மம்!

இளைஞர்களே! வேலை நம்முடையது. படிப்பகந்தோறும், மன்றந்தோறும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். ஏழை ஒருவன் பிடிபட்டான் என்று கேட்டால், கூட்டத்தோடு கூடி வேடிக்கை பார்க்காதீர்கள். இலவசச் சட்ட உதவிக் குழுவுக்கு வழிகாட்டுங்கள். தகுதியுள்ளவனுக்கு 3-ஆம் பிரிவையும் 12-ஆம் பிரிவையும் நீதிமன்றத்திலே கேட்கச் சொல்லுங்கள். வணிகரிடம் செல்லுங்கள்; சண்டையிட அன்று. பொருளைத் திரும்பப் பெற்றுச் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் பொருளுக்கு உரியவருக்கு இடம் தருகிறது, அந்தச் சமரசம் விடுதலைக்கு ஒப்பானது என்று எடுத்துக் கூறுங்கள். ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதால் வணிகனுக்கும் ஊதியம் இல்லை. முதற் பிழையான சிறு திருட்டுக்கு 305-ஐ நாடாதே என்று காவல் துறைக்கு ஆணையிடுமாறு புதுச்சேரி அரசைக் கேளுங்கள். உங்கள் கைப்பேசிக்கு அந்தக் காணொளி வந்து சேர்ந்தால், அங்கேயே அதன் பயணம் முடியட்டும்!

பொருளுக்கு உரியவனுக்குப் பொருள் திரும்பட்டும். பிழை செய்தவனுக்கு அவன் வாழ்வு திரும்பட்டும். இரண்டும் திரும்பும் நாளில்தான் கணக்குச் சரியாகும். அதுவரை, அவன் எடுத்தது ஒரு பொருள். நாம் எடுத்துக்கொண்டது ஒரு வாழ்நாள். யார் பெரிய கள்வன் என்பதை ஊரே சொல்லட்டும்!